அண்ணி தட்டிய கதவு

திண்டிவனத்தில் என் அண்ணன் வீட்டுப் பீரோவின் மேல்தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், துவைக்காத புடவை ஒன்று பல வருடம் இருந்தது. கடுகு மஞ்சள் நிறம், பழுப்புக் கரை, சாதாரண நூல் புடவை. கீழ் ஓரத்தில் ஏரிச் சேறு காய்ந்து, பொரிந்து, உறையின் அடியில் பொடியாக உதிர்ந்து கிடக்கும். அண்ணியின் பட்டுப் புடவைகள் கீழ்த்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, இந்தச் சேற்றுப் புடவை மட்டும் மேலே தனி அறை எடுத்துத் தங்கியிருந்தது. பீரோ திறந்திருக்கும் நேரம் பார்த்து வந்துவிடுகிற உறவினர்கள் மூக்கைச் சுளித்து, "இது இன்னாத்துக்கு?" என்பார்கள். "கன்டினியூட்டி" என்பார் அண்ணி. கேட்டவர்கள் அது ஏதோ தோல் வியாதி போலிருக்கிறது என்று நினைத்து மேற்கொண்டு விசாரிக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். சினிமாவில் ஒரு காட்சியை இன்றைக்குப் பாதி எடுப்பார்கள், மீதியை அடுத்த மாதம் வேறு ஊரில் எடுப்பார்கள். முதல் பாதியில் கட்டியிருந்த புடவை, வைத்திருந்த பொட்டு, கலைந்திருந்த முடி எல்லாம் மறுபாதியிலும் அப்படியே இருந்தாக வேண்டும். பெரிய நடிகைகளுக்கு இதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் உண்டு. அண்ணியைப் போன்றவர்கள் சொந்தப் புடவையைக் கொண்டுபோய்க் கட்டி நடித்துவிட்டு, அதைத் தாங்களே பத்திரப்படுத்தவும் வேண்டும். காட்சி முடிகிறவரை அந்தப் புடவை கதாபாத்திரத்துக்குச் சொந்தம். நடிகை அதன் காவலாளி. அண்ணிக்கு வாய்த்த சங்கடம், அந்தக் காட்சி முடியவே இல்லை.

அண்ணிக்குச் சொந்த ஊர் கண்டாச்சிபுரம் பக்கம். ஆசிரியர் பயிற்சிக்காக விழுப்புரம் வந்தவரை நாடகம் பிடித்துக்கொண்டது. அப்போது ரயில்வே ஊழியர்கள் வருடத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். கதாநாயகி வேடத்துக்குப் புதுச்சேரியிலிருந்து சம்பளம் பேசி ஆள் கூட்டிவருவது வழக்கம். ஒரு வருடம் அப்படிக் கூட்டிவந்த அம்மாளுக்கு அம்மை போட்டுவிட, ரயில் கார்டு ஒருவர் தன் வீட்டு மாடியில் குடியிருந்த மாணவியைக் கெஞ்சிக் கூத்தாடி மேடையேற்றினார். மைக் செட் மக்கர் பண்ணியதால் அதைச் சரிபார்க்க அழைக்கப்பட்டவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த என் அண்ணன். ஆம்ப்ளிஃபயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த அவர் அண்ணியின் குரலைத்தான் முதலில் கேட்டார்; ஆளை அப்புறம்தான் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த மைக் செட்டில் கோளாறு தீரவே இல்லை. ஒவ்வொரு ஒத்திகைக்கும் அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றார். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரே காதல் கதை இது. அதில் காதலன் பேசிய வசனம் மொத்தமும் 'ஹலோ, மைக் டெஸ்டிங்'தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அண்ணி சென்னை சபா நாடகங்களில் நடித்தார். விடிவதற்குள் திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒத்திகைக்குப் போய்விடலாம். மேடையில் அவர் பேசுவதைக் கேட்கவே ஒரு கூட்டம் வரும். கடைசி வரிசை வரைக்கும் கத்தாமல் போய்ச் சேரும் குரல் அது. சினிமாவுக்குப் போனதும் அந்தக் குரலை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னார்கள். நர்ஸாக வந்து, "பேஷண்ட் கண்ணத் திறந்துட்டார் டாக்டர்" என்பார். பக்கத்து வீட்டுப் பெண்ணாக வந்து, "காபி எடுத்துக்குங்க" என்பார். அந்த இரண்டு வரியையும்கூட வேறு யாரோ டப்பிங்கில் பேசியிருப்பார்கள். அண்ணியின் பேச்சில் எங்கள் ஜில்லா வாசனை அடிக்கிறதாம். பிறகு டி.வி. சீரியல். சித்தி, நாத்தனார், சம்பந்தி என்று அவர் வகிக்காத உறவு கிடையாது. ஒரு சீரியலில் அவரைக் கோமாவில் படுக்கவைத்து, கதை எழுதுகிறவர்கள் அவரை மறந்தே போனார்கள். அவர் கோமாவில் கிடந்த அந்தச் சில மாதங்களில்தான் அண்ணியை ஓரிடத்தில் அசையாமல் பார்த்தேன். மற்ற நேரங்களில் அவரால் உட்கார முடியாது. சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். யாராவது கூப்பிடுவார்கள், கூப்பிட்டதும் கிளம்ப வேண்டும் என்ற அவசரம் ஒரு ஃபேன் சத்தம் மாதிரி அவர் மேல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படிக் கூப்பிட்டவர்தான் திண்டிவனத்து மல்லாட்டை மண்டிக்காரர் ஒருவர். வேர்க்கடலை வியாபாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதனால் படம் எடுக்க ஆசைப்பட்டார். சின்னப் படம். அதில் அண்ணிக்கு நர்ஸ் வேடம் இல்லை, சம்பந்தி வேடமும் இல்லை. கதையே அண்ணிதான். புருஷன் இன்னொருத்தியோடு வேறு ஊருக்குப் போய்விடுகிறான். இந்தப் பெண் ஒருநாள் அவனைத் தேடி நடக்கிறாள். ஏரிக்கரை, வாய்க்கால், வரப்பு எல்லாம் தாண்டி, சேறு அப்பிய புடவையோடு அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. அவள் பேசுகிறாள். அந்தப் பேச்சு ஒரு முழுப் பக்கம். வெட்டாமல் ஒரே ஷாட்டில் எடுப்பதாகவும், அண்ணியின் குரலிலேயே, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே வைத்துக்கொள்வதாகவும் டைரக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அண்ணி வீட்டுக்கு வந்து, முகம் கழுவக்கூடப் போகாமல், அண்ணனை அடுக்களைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, அந்த ஒரு பக்க வசனத்தை முதல் தடவையாகப் பேசிக் காட்டினார்.

"சண்ட போட வர்ல. உன்ன இட்டுக்கினு போவவும் வர்ல. உன் செருப்பு ஒரு ஜோடி நம்ம வாசல்லயே கெடக்குது. அத்த எடுத்துக்கினு போயிடு. வர்றவங்க போறவங்கல்லாம் செருப்பப் பாத்துட்டு, உள்ள ஆம்பள கீறாருன்னு நெனச்சிக்கினு கொரல் குடுக்கறாங்க. இல்லன்னு சொல்றதுக்கு நான்தான் தெனம் வெளிய வரவேண்டியிருக்குது. எடுத்து எறியலாம்னு பாத்தா கை வர்ல. நீ வெச்ச எடம், நீயே வந்து எடு."

இப்படி ஆரம்பித்து, அந்தச் செருப்பைச் சுற்றியே ஒரு முழு வாழ்க்கையும் வெளியே வரும். நான் அப்போது ஏகப்பட்ட நாவல்கள் படித்துவிட்டு, பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் அனுப்பிக்கொண்டிருந்தேன். அவற்றைப் படித்துச் சிரிக்க முயன்றதாக வாசகர்கள் சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். பல மொழிகளின் இலக்கியத்தில் மூழ்கி எழுந்த அந்த மேதாவி, அடுக்களை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணனுக்கு வசனம் கிடையாது. அவர் வேலை கதவைத் திறப்பது, கேட்பது, தலை குனிவது. "கொஞ்சம் லேட்டா குனிங்க" என்றார் அண்ணி. அவ்வளவுதான்.

மண்டகப்பட்டில் ஒரு வீட்டு வாசலில் அண்ணி கதவைத் தட்டுகிறவரை படமாக்கினார்கள். கதவு திறந்த பிறகு நடப்பதை அடுத்த வாரம் எடுப்பதாகத் திட்டம். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பல்லவ ராஜா கல்வெட்டில் பெருமை அடித்துக்கொண்ட ஊர் அது. எங்கள் தயாரிப்பாளருக்கும் அந்தக் காற்று பட்டிருக்க வேண்டும், பணம் இல்லாமல் படம் எடுத்துப் பார்க்கலாமென்று துணிந்துவிட்டார். ராஜா அளவுக்கு அவருக்குக் கைவரவில்லை. படம் நின்றது. "பொங்கலுக்கு அப்புறம் ஆரம்பிச்சிடலாம்மா" என்று சொன்னார். எந்தப் பொங்கல் என்று அவர் சொல்லவில்லை, அண்ணியும் கேட்கவில்லை.

அண்ணி காத்திருந்தார். எங்களைப் போல உட்கார்ந்து காத்திருந்திருந்தால் வீட்டில் யாருக்கும் தொல்லை இருந்திருக்காது. அவர் கதவைத் தட்டிய பெண்ணாகவே காத்திருந்தார். படப்பிடிப்பில் எடுத்துக்கொண்ட ஃபோட்டோவில் முடி எந்த நீளமோ அந்த நீளத்துக்கு மேல் வளர விடவில்லை, குறையவும் விடவில்லை. குலதெய்வத்துக்கு மொட்டை போட வேண்டியதைக் கெஞ்சித் தள்ளிப்போட்டார். நரை எட்டிப்பார்த்த அன்றே மை வாங்கி வந்தார். என் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எல்லோரும் அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் ஒரு வெள்ளரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, உட்காராமல், வீட்டின் எல்லா அறையையும் சுற்றி நடந்துகொண்டிருந்தார். "ஏன் அண்ணி, புது வீடு அளக்கறீங்களா?" என்றேன். "ஒடம்பு ஏறிடுச்சின்னா கதவு தொறக்கறப்ப வேற பொம்பள நிப்பா தம்பி" என்றார். ராத்திரிச் சமையல் ஆகிற நேரத்தில், வாரத்தில் சில நாளாவது, அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்படுவார். கையில் செம்புக் கம்பியோடு, வார்னிஷ் வாசனையோடு, அவர் பாட்டுக்கு நின்று, கேட்டு, கொஞ்சம் லேட்டாகத் தலை குனிந்துவிட்டுப் போய்க் கை கழுவுவார்.

இந்த அமைதியான பைத்தியக்காரத்தனத்தில் குண்டு போட்டவள் என் மனைவி. கல்யாணமான புதிது. போகிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். மூத்த ஓரகத்தியிடம் நல்ல பெயர் வாங்கும் எண்ணத்தில், அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம் பீரோவை ஒழித்துத் துடைத்து, அழுக்குத் துணி எதையோ வைத்துவிட்டு மறந்துபோய்விட்டார்களே என்று உறையைப் பிரித்து, அந்தப் புடவையை ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, மாடியில் உலர்த்தியும்விட்டாள். கொடியில் அது புத்தம்புதிதாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தபோது அண்ணி வந்து சேர்ந்தார். கத்தவில்லை. கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சேறு இருந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"அழுக்கு லேசுல போவல அக்கா, மூணு தண்ணி மாத்தினேன்" என்றாள் என் மனைவி, பாராட்டை எதிர்பார்த்து.

"போயிடுச்சி கண்ணு. நல்லாவே போயிடுச்சி" என்றார் அண்ணி. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, வண்டிய எடு. ஜல்தி."

ஊர் முழுக்கப் பழையதை எரித்துப் புதியதை உடுத்தக் காத்திருந்த நாளில், நானும் அண்ணியும் ஒரு சுத்தமான புடவையை அழுக்காக்க ஒலக்கூர் ஏரிக்குப் போனோம். முதலில் சேறு பட்டது அங்கேதான். வேறு ஏரிச் சேறு நிறம் மாறிவிடுமாம். அண்ணி கரையில் உட்கார்ந்து, படப்பிடிப்பில் எடுத்த ஃபோட்டோவை முழங்காலில் வைத்துக்கொண்டு, சேற்றை அள்ளி அள்ளிப் புடவை ஓரத்தில் அப்பி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார், குனிந்தார், மறுபடியும் நிமிர்ந்தார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.

"இன்னா சார், பொங்கலுக்குத் துணி தோய்க்க வந்தீங்களா?"

"தோய்ச்சிட்டாங்க. அதான் வந்தோம்" என்றேன்.

"ஊட்ல பசங்க இல்லியா? ரெண்டு பசங்கள உட்டா அதுங்களே சேறாக்கிட்டு வந்துடுமே. இதுக்குப் போயி பெட்ரோல் போட்டுக்கினு வந்தீங்களா?"

அண்ணி அவருக்கு எல்லாம் சொன்னார். படம், புருஷன், நடை, கதவு. அந்தப் பெண் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"தட்டினியே, தொறந்தானா?"

"இன்னும் எடுக்கல."

"தொறக்கலன்னா உட்டுடாத. ஓட்டப் பிரிச்சிக்கினு எறங்கு" என்றார். பிறகு யோசித்து, "தொறந்தா இன்னா கேப்ப?"

அண்ணி எழுந்தார். ஏரியைப் பார்த்து நின்று, கதவே இல்லாத இடத்தில், அந்த வசனம் முழுவதையும் பேசினார். சேற்றுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் விலக்கியே வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும் முந்தானையை எடுத்துவிட்டு, "எங்க ஊட்ல செருப்பையும் எடுத்துக்கினுதான் போனான்" என்றார். எழுந்து போய்க் களைக்கொத்தை எடுத்துக்கொண்டார். கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "படம் வந்தா சொல்லிட்டுப் போம்மா. கேக்கணும்." பார்க்கணும் என்று அவர் சொல்லவில்லை.

வருடங்கள் ஓடின. சீரியல்களில் அண்ணி சித்தியிலிருந்து பெரியம்மாவாகப் பதவி உயர்ந்து, பிறகு மாலை போட்ட ஃபோட்டோவாகச் சுவரில் தொங்கும் அளவுக்கு உயர்ந்தார். நான் விழுப்புரத்தில் ஒரு ஆபீஸில் நாற்காலியைத் தேய்த்தேன். தொப்பை, மூக்குக்கண்ணாடி, சர்க்கரை எல்லாம் முறைப்படி வந்து சேர்ந்தன. அண்ணி மட்டும் அந்தக் கதவுக்கு முன்னாலேயே நின்றார். அண்ணனுக்கு முழங்கால் வலி வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு முக்காலி போட்டுக்கொள்ள அனுமதி கேட்டார். "அந்தாளு ஒக்காந்துக்கினு கதவத் தொறப்பாரா?" என்று மனு தள்ளுபடியானது.

அப்புறம்தான் ஃபோன் வந்தது. பழைய டைரக்டரிடம் உதவியாளராக இருந்தவர் இப்போது டைரக்டர் ஆகியிருந்தார். பாதியில் நின்ற படத்தை யாரோ வாங்கி அவரிடம் கொடுத்திருந்தார்கள். முடித்து ஃபோன்களில் பார்க்கிற மாதிரி வெளியிடப் போகிறார்கள். அண்ணி எனக்குத் தகவல் சொன்னபோது குரலில் எந்தப் பதற்றமும் இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்தில் அதே தகவலைச் சொல்ல மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார்.

படப்பிடிப்புக்கு அண்ணன், நான், அண்ணி மூவரும் போனோம். மண்டகப்பட்டு வீட்டை இடித்து மாடி கட்டி இரும்பு கேட் போட்டுவிட்டார்களாம். விழுப்புரத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டைப் பிடித்திருந்தார்கள். அண்ணி வேனிலிருந்து இறங்கினார். கடுகு மஞ்சள் புடவை, ஒலக்கூர் சேறு, அதே நீள முடி, அதே வளையல். ஃபோட்டோவிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தார். டைரக்டர் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் வியப்பைப் பார்த்து எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் அது வியப்பு இல்லை, தர்மசங்கடம் என்று தெரிந்தது.

"அம்மா, எப்படிம்மா அப்படியே இருக்கீங்க?" என்றார். நல்ல பையன். கையைப் பிசைந்தார். "கதைய மாத்திட்டேன்மா. அன்னிக்கு அவ தட்டறா, அவன் தெறக்கல. வருஷம் எல்லாம் போயிடுது. வயசான அப்புறம் இன்னொரு தடவ வந்து தட்டறா. அப்பதான் தெறக்கறான். எனக்கு வயசான அம்மாதான் வேணும்."

மேக்கப் பெண் அண்ணியை உட்காரவைத்து, அவர் இத்தனை வருடம் மறைத்த நரையை வெள்ளைச் சாயத்தால் திரும்பக் கொண்டுவந்தாள். கண்ணுக்குக் கீழே கோடு வரைந்தாள். வெளிறிய ஒரு புடவையை யாரோ கொடுத்தார்கள். கடுகு மஞ்சள் புடவையை அண்ணியே மடித்து என் கையில் கொடுத்தார். கோபம் வந்தால் அவருக்குத் தெளிவு வரும். "வயசு ஆனா ஆவட்டும். டயலாக்கு அதேதானே?" என்று மட்டும் கேட்டார்.

டயலாக்கே இல்லை. "இப்பல்லாம் யாரும் பேசறதில்லம்மா. உங்க பார்வ போதும். நீங்க பாப்பீங்க, அவர் உடைஞ்சி அழுவாரு. அதான் சீன்" என்றார் டைரக்டர்.

அண்ணி செய்தார். சொன்னதைச் செய்துதான் அவர் இத்தனை காலம் பிழைத்திருக்கிறார். கதவு திறந்தது, பார்த்தார். பேச வேண்டிய வசனம் முழுவதையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, அவர் வாயை மூடிப் பார்த்த பார்வை அது. எதிரில் நின்ற நடிகர் உண்மையிலேயே அழுதார். எல்லோரும் கைதட்டினார்கள். வீடு திரும்புகிற வழி முழுக்க அண்ணி வேனில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தார். சீட் காலியாக இருந்தது.

படம் வெளிவந்ததும் அண்ணன் கடையில் என் ஃபோனில் பார்த்தோம். சுற்றிலும் பிரித்துப்போட்ட மோட்டார்கள். நல்ல படம். அந்த மௌனத்தைப் பற்றிப் பலரும் பாராட்டி எழுதியிருந்தார்கள். நானே ஒரு கட்டுரை எழுதலாமென்று இரண்டு நல்ல வாக்கியங்களை மனதில் தயார் செய்து வைத்திருந்தேன். அண்ணி கடைசிவரை பார்த்துவிட்டு, ஃபோனை என்னிடம் கொடுத்து, "நான் பேசல. அவன் தப்பிச்சிட்டான்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அழுதுட்டான் இல்ல, பாக்கறவங்களுக்கு அவன் மேல பாவமா பூடும். பேசியிருந்தா எங்க அழுவான்? அந்தச் செருப்ப வந்து எடுக்கணுமேன்னு நிப்பான். இவ்ளோ தூரம் நடந்து போயி நான் அவன அழவெச்சி நல்லவனாக்கிட்டு வந்துருக்கேன், பாரு."

என் இரண்டு வாக்கியங்களையும் நான் அப்படியே விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணியால் வீட்டில் இருக்கவே முடியவில்லை. நடுப்பகலில் பஸ் ஏறி விழுப்புரம் வந்து என் ஆபீஸ் வாசலில் நிற்பார். ஏதாவது மேடை இருந்தால் சொல்லு, ஒரு பக்கம் பேச எவ்வளவு நேரம் ஆகும் என்பார். எங்கள் ஆபீஸ் சங்கத்தின் ஆண்டு விழா கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடப்பதாக இருந்தது. நிகழ்ச்சியில் என் நகைச்சுவை உரை ஒன்றும் இருந்தது. அதை எடுத்துவிட்டு அண்ணிக்குக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். சங்கத் தலைவர் என் தியாகத்தை மெச்சுவார் என்று பார்த்தால், மனிதர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வீடு கட்டிக்கொண்டிருந்த சக ஊழியர் ஒருவர் நிலையோடு ஒரு கதவை இரவல் கொடுத்தார். கதவைத் திறக்க ஆள் வேண்டும். வேறு யாருக்கு அந்த வேடத்தில் அனுபவம் இருக்கிறது? அண்ணனுக்குச் சலவைச் சட்டை போட்டு மேடையேற்றினோம்.

மண்டபத்தில் பாதிப் பேர் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு இலை போடுவார்கள் என்ற யோசனையில் இருந்தார்கள். அண்ணி மைக்கை ஒதுக்கிவிட்டு வந்தார். அதே கடுகு மஞ்சள் புடவை, துவைத்து இஸ்திரி போட்டு. தட்டினார். அண்ணன் திறந்தார். அண்ணி பேச ஆரம்பித்தார்.

சமையல்கட்டிலிருந்து ஒவ்வொருவராக வந்து தூணோரம் நின்றார்கள். வருடக்கணக்காகக் கேட்ட வசனம்தான். ஆனால் வயது ஏறியிருந்தது, நரை உண்மையாகவே இருந்தது, கத்தாமலே கடைசி வரிசைக்குப் போகிற குரல் அப்படியே இருந்தது. "நீ வெச்ச எடம், நீயே வந்து எடு" என்று ஆரம்பத்தில் சொன்னதையே கடைசியிலும் சொல்லிவிட்டு அண்ணி நின்றார். இப்போது அண்ணன் தலை குனிய வேண்டும். கொஞ்சம் லேட்டாக. பிறகு அண்ணி திரும்பி நடந்து போய்விடுவார்.

அண்ணன் தலை குனியவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில், மேடை என்பதே நினைவில்லாமல், "உள்ள வா. வெயில்ல நிக்காத" என்றார்.

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் யாரோ விசில்கூட அடித்தார்கள். அண்ணிக்கு அதற்கு மேல் வசனம் இல்லை. மேடையில் அவர் தடுமாறி நான் பார்த்ததே இல்லை; அன்றைக்குப் பார்த்தேன். பிறகு விறுவிறென்று இறங்கி நடந்துவிட்டார். கைதட்டல் அவருக்குப் பின்னால் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

திண்டிவனம் பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம், அண்ணன் பக்கத்தில், நான் பின்சீட்டில். பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது.

"யாரு உங்கள வாயத் தொறக்க சொன்னது?" என்றார் அண்ணி, ஜன்னலைப் பார்த்தபடி.

"எவ்ளோ நாழிதான் சும்மா நிக்கறது?"

"இத்தினி வருஷம் நின்னீங்களே."

"அது ஊட்ல."

"அவன் உள்ள கூப்புட்ற ஆளா? அப்பிடிப்பட்ட ஆளா இருந்தா அவ ஏன் சேத்துல நடந்துக்கினு வரா? கதையே பேஜாரா போச்சி."

"அவனப் பத்தி எனக்கு இன்னா தெரியும்?" என்றார் அண்ணன். முழங்காலைத் தடவிக்கொண்டார். "நீ நின்னுக்கினு இருந்த. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சிது."

அண்ணி ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திண்டிவனம் வந்து கண்டக்டர் குரல் கொடுத்த பிறகும், எப்போதும் பஸ் நிற்பதற்கு முன்பே எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுகிறவர், அன்றைக்கு எல்லோரும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

அந்த அமைதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது அந்த ஒரு பக்க வசனத்தைப் பள்ளிக்கூடம், கல்லூரி, மகளிர் குழு என்று கூப்பிடுகிற இடத்திலெல்லாம் அண்ணி பேசுகிறார். கூப்பிடாத இடத்திலும் விசாரிக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வரியை மாற்றிவிட்டு, பஸ்ஸில் வரும்போது மாற்றியிருக்கக் கூடாதென்று வருத்தப்படுகிறார். அண்ணனுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் போகத் தடை. அவருக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி, அதில் உட்காரலாம், முழங்காலுக்கும் நல்லது. கதவு திறக்கும் உத்தியோகம் எனக்கு வந்திருக்கிறது. என் எழுத்து வாழ்க்கையில் கிடைத்த முதல் கைதட்டலை, வாயைத் திறக்காமல் இருப்பதற்காகப் பெற்றுக்கொண்டிருக்கிறேன்.

வேலை சுலபம் என்றுதான் நினைத்தேன். திறக்க வேண்டும், கேட்க வேண்டும், குனிய வேண்டும், அவர் திரும்பி நடந்ததும் கதவைச் சாத்த வேண்டும். முதல் மூன்றும் வந்துவிட்டன. போன வாரம் ஒரு பெண்கள் பள்ளியில், அண்ணி பேசி முடித்து முதுகைக் காட்டி நடந்தார். அறுபதைத் தாண்டிய முதுகு, மேடைக்கு வெளியே வெயில். நான் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் கைதட்ட ஆரம்பித்து, சந்தேகப்பட்டு, நிறுத்தினார்கள். அண்ணி பக்கவாட்டிலிருந்து, உதடு அசையாமல், "சாத்து தம்பி" என்றார். அப்படியும் என் கை வரவில்லை.

அடுத்த தடவை சாத்திவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.